படைவீடும் சட்டமன்றமும்

ஒரு சட்டமன்ற இடத்தின் அருமையைத் தேவிகுளத்து மக்களுக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1957ஆம் ஆண்டில், புதிதாக அமைந்த கேரள மாநிலத்தின் முதற் பொதுத்தேர்தலில், இத்தொகுதியிலிருந்து திருமதி ரோசம்மா புன்னூஸ் தேர்ந்தெடுக்கப் பெற்றார். வேட்பாளர் ஒருவரின் நியமன மனு முறையின்றித் தள்ளப்பட்டது என்னும் காரணத்தால் அத்தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1958ஆம் ஆண்டில் மீண்டும் வாக்குப்பதிவு நடைபெற்றது. தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்தும் ஏலக்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் மறுபடியும் மலையேறி இறங்கி வாக்களித்தனர். மறுபடியும் அவரையே அனுப்பினர். வென்றவரும் சட்டத்துக்கு அடங்கியவரே என்பதும், சட்டம் ஓர் இடத்தைப் பறித்தாலும் அதனைத் திரும்ப அளிக்கும் உரிமை மக்களுக்கே உண்டு என்பதும் அந்நாளில் இம்மலைநாடு கண்ட பாடங்களாகும்.

இத்தகைய மன்றத்தினுள், வாழ்நாளின் பெரும்பகுதியை ஆணைக்குப் பணிவதிலும் ஆணையிடுவதிலும் கழித்த ஒருவர் வந்து அமர்ந்தால் என்ன நேரும்? இவ்வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

முதற்கண் சட்டத்தின் நிலையை அறிந்துகொள்வோம். படையில் பணிபுரிபவருக்கு வாக்குரிமை உண்டு. எல்லைக் காவலில் இருப்பவர் அஞ்சல் வழியாகவும் தம் வாக்கினைச் செலுத்தலாம். ஆயின், அரசியற் கட்சியில் சேர்வதற்கோ, தேர்தலில் நிற்பதற்கோ அவருக்கு இடமில்லை. படையினரின் அடிப்படை உரிமைகளைத் தக்க அளவுக்குக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு பாராளுமன்றத்துக்கு வழங்கியுள்ளது. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமும் அதன் கீழ் வகுக்கப்பெற்ற விதிகளும் அக்கட்டுப்பாட்டை விரித்துரைக்கின்றன. அரசாங்கத்தில் ஊதியப் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராதல் கூடாது என்பது 191ஆம் பிரிவின் விதி. ஆகவே, சீருடையைக் களைந்த பின்னரே ஒரு படைவீரர் மக்கள் முன் வந்து வாக்குக் கேட்க இயலும். துப்பாக்கியும் வாக்குச்சீட்டும் ஒரே கையில் இருத்தலாகாது என்பதே இவ்விதிகளின் உட்கருத்து.

அவ்வாறு சீருடை களைந்து அரசியல் புகுந்தோர் நம் நாட்டில் பலர். பஞ்சாபின் முதலமைச்சராக இருமுறை விளங்கிய காப்டன் அமரீந்தர் சிங், உத்தரகாண்டின் முதலமைச்சராக இருந்த மேஜர் ஜெனரல் கண்டூரி ஆகியோரை நேயர்கள் அறிவர். ஆயினும், நம் வினாவுக்கு மிகத் தெளிந்த விடையளிக்கும் வாழ்க்கை வடகிழக்குக் கோடியில், மிசோரத்தில் உள்ளது. தேவிகுளத்தைப் போன்றே அதுவும் மலைநாடு, தலைநகருக்குத் தொலைவானது, எல்லையை ஒட்டியது, தன் மொழியும் வழக்கமும் பிறரால் மதிக்கப்பெறுமோ என்ற ஐயத்தோடு நெடுங்காலம் வாழ்ந்தது. அம்மலைநாட்டின் பிரிகேடியர் தென்புங்கா சைலோ என்பவரே நாம் காணவிருப்பவர்.

சைலோ 1922இல் பிறந்தவர். 1942இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, படையில் சேர்ந்தார். பர்மாப் போர்முனையில் பணியாற்றினார். நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்திய இராணுவத்தில் தொடர்ந்து, பிரிகேடியர் பதவி வரை உயர்ந்து, அதி விசிஷ்ட சேவா பதக்கமும் பெற்று, 1974இல் ஓய்வு பெற்றார்.

அவர் படையில் இருந்த காலத்திலேயே அவரது பிறந்த மண் பற்றியெரிந்தது. 1959ஆம் ஆண்டையொட்டி மிசோ மலைகளில் மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலிகள் பெருகும், எலிகள் பெருகினால் விளைச்சல் அழியும், பஞ்சம் வரும். அன்று அசாமின் ஒரு மாவட்டமாக இருந்த அம்மலைகளில் பஞ்ச நிவாரணம் போதிய அளவில் வந்து சேரவில்லை என்ற மனக்குறை வேரூன்றியது. பஞ்சகாலத் தொண்டு நிறுவனமாகத் தோன்றிய அமைப்பு, லால்டெங்காவின் தலைமையில் 1961இல் மிசோ தேசிய முன்னணி என்னும் அரசியல் இயக்கமாயிற்று. 1966 பிப்ரவரி இறுதியில் அவ்வியக்கம் ஆயுதமேந்தி எழுந்தது. மார்ச்சு 5ஆம் நாள் அய்ஸ்வால் நகரின் மீது நம் நாட்டு விமானங்களே தாக்குதல் நடத்தின.

1967 முதல், சிதறிக் கிடந்த சிற்றூர்களைக் கலைத்து, மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் ஒன்றுசேர்க்கும் திட்டம் செயற்படுத்தப்பட்டது. கிளர்ச்சியாளருக்கு உணவும் அடைக்கலமும் கிட்டாமல் செய்வதே இதன் நோக்கம். இம்முறை மலாயாவில் 1950ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷார் கையாண்டதாகும். அங்கே ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதிய கிராமங்களுக்குள் குடியேற்றப்பட்டனர். இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ்த் தொழிலாளரும் முள்வேலிக்குள் ஒருங்கே குடியமர்த்தப்பட்ட செய்தியை மலாயா சென்று மீண்ட குடும்பத்தார் அறிவர். மிசோ மலைகளில் மக்கட்தொகையின் பெரும்பகுதி இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டது. தம் வயலும் வீடும் மூதாதையர் கல்லறையும் விட்டு, அடையாளச் சீட்டுடன் வாயிலில் நின்று, உள்ளே போகவும் வெளியே வரவும் இசைவு கேட்கும் வாழ்வு அவர்களுக்கு வாய்த்தது.

இராணுவ நோக்கில் இத்திட்டத்துக்கு நியாயம் கூறலாம்; கூறவும் பட்டது. கிளர்ச்சியாளரின் கையில் துன்புற்ற குடிமக்களும் பலர் என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், முப்பதாண்டுகளுக்கு மேல் படையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய சைலோ கண்டது என்ன? தாம் பெருமிதத்தோடு அணிந்த அதே சீருடையைக் கண்டு தம் மக்கள் அஞ்சுவதைக் கண்டார். ஓய்வு பெற்ற படைத்தலைவர் இந்நிலையில் செய்யக்கூடியவை இரண்டு. பழைய தோழர்களுக்காக வாய் மூடி இருக்கலாம். அல்லது சினங்கொண்டு காட்டினுள் சென்று கிளர்ச்சியாளரோடு சேரலாம். சைலோ இரண்டையும் செய்யவில்லை. 1974ஆம் ஆண்டிலேயே மனித உரிமைக் குழு ஒன்றை அமைத்து, அதன் தலைமையை ஏற்று, படையினரின் அத்துமீறல்கள் பற்றிய முறையீடுகளைத் திரட்டி மத்திய அரசின் முன் வைத்தார். ஆயுதத்தின் இயல்பை அறிந்தவர் ஆயுதத்துக்கு வரம்பு கேட்டமையால் அக்குரலுக்குத் தனி மதிப்பு இருந்தது. இராணுவத்தின் பகைவர் என்று அவரை எவரும் எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை.

அக்குழுவின் பணியே அடுத்த ஆண்டு, 1975இல், மக்கள் மாநாட்டுக் கட்சியாக உருப்பெற்றது. மிசோரம் 1972 சனவரி 21 முதல் ஒன்றிய ஆட்சிப் பகுதியாக இருந்தது. தேர்ந்தெடுக்கப்பெற்ற 30 உறுப்பினரைக் கொண்ட சட்டமன்றமும் அதற்கு இருந்தது. 1978ஆம் ஆண்டுத் தேர்தலில் சைலோவின் கட்சி வென்றது. சூன் மாதம் அவர் முதலமைச்சரானார்.

ஆனால் நவம்பரிலேயே அவ்வாட்சி வீழ்ந்தது. வீழ்த்தியவர் எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர். அவர்தம் கட்சியிலேயே பிளவு தோன்றியது. படைப்பிரிவில், தலைவர் சொன்னதைச் செய்யாத வீரர் தண்டனைக்கு உரியவர். சட்டமன்றத்திலோ, உறுப்பினர் தம் தலைவரைக் கைவிட அன்று எத்தடையும் இருக்கவில்லை. கட்சி மாறுவோர் பதவியிழப்பர் என்னும் பத்தாவது அட்டவணை, 52ஆம் திருத்தத்தின் வாயிலாக, 1985ஆம் ஆண்டில்தான் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அச்சட்டம் வந்த பின்னரும், உறுப்பினரின் உள்ளத்தைக் கட்டி வைக்க எச்சட்டத்தாலும் இயலாது. நாடோறும் கேட்டு, விளக்கி, இணங்கச் செய்து பெறவேண்டியதே சட்டமன்றப் பெரும்பான்மை. இதனைச் சைலோ பதவியிழந்து கற்றுக்கொண்டார். 1979இல் மீண்டும் தேர்தல் வந்தது. மீண்டும் மக்கள் அவரை ஆதரித்தனர். இம்முறை 1984ஆம் ஆண்டு வரை, முழுக்காலமும் அவர் ஆட்சி நிலைத்தது. குடிநீர், மின்சாரம், சாலை முதலிய அடிப்படைத் தேவைகளை முன்னிறுத்தி அவர் ஆட்சி நடத்தினார்.

இக்காலத்திலேதான் மிகக் கடினமான சோதனை வந்தது. 1980இல் மத்திய அரசுக்கும் லால்டெங்காவுக்கும் இடையே பேச்சுவார்த்தை தொடங்கியது. சைலோவின் அமைச்சரவை விலகி, தம் தலைமையில் இடைக்கால அரசு அமையவேண்டும் என்று லால்டெங்கா கோரினார். சைலோ மறுத்தார். மக்கள் வாக்களித்து அமைத்த அரசு, ஆயுதம் தாங்கியோரின் கோரிக்கைக்காக விலகுமாயின் வாக்குச்சீட்டுக்கு என்ன மதிப்பு? அவர் நிலையின் அடிப்படை வினா இதுவே. மறுதரப்பின் வினாவும் எளியதன்று. பதினைந்து ஆண்டுகளாக அமைதி காணாத தாய்மார்க்கு, ஓர் அமைச்சரவையின் விலகலால் அமைதி கிட்டுமெனில் அதனைத் தடுப்பது முறையா? பேச்சுவார்த்தை 1982இல் முறிந்தது.

இவ்வழக்குக்குத் தீர்ப்பளித்தவர் மக்களே. 1984ஆம் ஆண்டுத் தேர்தலில், அமைதிக்காகப் பதவியை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தம் என்று கூறிய காங்கிரசுக் கட்சியை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். சைலோ தோற்றார், ஆட்சியை ஒப்படைத்து விலகினார். 1986 சூன் 30ஆம் நாள் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. காங்கிரசு முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா தாம் கூறியபடியே பதவி விலகி, லால்டெங்காவின் கீழ்த் துணை முதலமைச்சராக அமர்ந்தார். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் முழு மாநிலமாயிற்று. பின்னர், 1998ஆம் ஆண்டுத் தேர்தலில், முன்பு எதிரெதிரே நின்ற மிசோ தேசிய முன்னணியும் சைலோவின் கட்சியும் கூட்டுச் சேர்ந்து வென்ற விந்தையையும் அம்மாநிலம் கண்டது. சைலோ 2015 மார்ச்சில், தம் 93ஆம் வயதில் காலமானார்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவனுக்குச் சொற்கள் அவ்வப்போது புதிய முகம் காட்டும். தமிழில் 'ஆணை' என்னும் ஒரு சொல்லே கட்டளையையும் குறிக்கும், சூளுரையையும் குறிக்கும். கட்டளையாகிய ஆணை மேலிருந்து கீழே வருவது. சூளாகிய ஆணை ஒருவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்வது. படைவீட்டில் முதற்பொருள் ஓங்கி நிற்கும். சட்டமன்றத்தின் வாயிலிலோ உறுப்பினர் உறுதிமொழி கூறி இரண்டாம் பொருளை ஏற்கிறார். சைலோவின் அரசியல் வாழ்வு முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நடந்த நெடும்பயணமாகும். ஒரு சிற்றூரை ஆணையால் இடம்பெயர்க்கலாம், அதன் நெஞ்சத்தைப் பெயர்க்க இயலாது என்பதை 1974இல் நாட்டுக்கு எடுத்துரைத்தார். பெரும்பான்மை ஆணைக்கு அடங்காது என்பதை 1978இல் தாமே உணர்ந்தார். மக்கள் "போதும்" என்றபோது, 1984இல், அவர்கள் ஆணைக்குப் பணிந்தார்.

படைவீரர் ஒருவர் நம்மிடம் வாக்குக் கேட்டு வருங்கால், அவரது கட்டுப்பாட்டையும் துணிவையும் நாம் போற்றுவது இயல்பு. அவற்றோடு மற்றொன்றையும் நாம் கேட்டறிதல் வேண்டும். தம் ஆணைக்கு எல்லை எது என்பதை அவர் அறிவாரா? இவ்வினா படைவீரருக்கு மட்டும் உரியதன்று. தோட்ட மேலாளரோ, அதிகாரியோ, தொழிற்சங்கத் தலைவரோ, எவர் வரினும் கேட்கத்தக்கது. ஒரே இடத்துக்கு இருமுறை மலையேறி இறங்கி வாக்களித்த மக்களுக்கு, அதனைக் கேட்கும் உரிமை குறைவின்றி உண்டு.