கோரை வீட்டில் ஒரு ஊர்

தெற்குக் கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனம் மேற்கே ஏறி, தெஹாச்சபி மலைகளாக உயரும் இடம் கிட்டனெமுக் மக்களின் தாய்நிலம். 1776-இல் அவ்வழியே போன ஸ்பானியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ கார்சேஸ், அங்கே கண்ட ஒரு பெரிய வீட்டைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நடுவே முற்றம், சுற்றிலும் கோரைப்பாய் வேய்ந்த குடியிருப்புகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனி அடுப்பு. கிழக்கிலும் மேற்கிலும் இருந்த பொது வாயில்களில் இரவெல்லாம் காவல். ஓர் ஊரே ஒரு கூரைக்கடியில் வாழ்ந்திருக்கிறது!

அவர்களின் முக்கிய உணவு ஓக் மரக் கொட்டை. இடித்து மாவாக்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை நீக்கிய பிறகே சமைப்பார்கள்.

பின்னர் ஸ்பானியரின் மதப்பரப்பு மையங்களான மிஷன்கள் அவர்களில் பலரை இழுத்துக்கொண்டன. 1850-களில் தெஹோன் பகுதியில் அமெரிக்க அரசு அமைத்த பழங்குடிக் குடியிருப்பும் சில ஆண்டுகளில் கலைந்தது. சொந்த நிலம் தனியார் பண்ணையானது. அதிலேயே அவர்கள் கூலியாட்களானார்கள். இதைவிடக் கொடிய இழப்பு வேறென்ன?

மொழியும் 20-ஆம் நூற்றாண்டில் பேச்சிலிருந்து மறைந்தது. ஆனால் அதற்கு முன்பே, மொழியியலாளர் ஜான் ஹாரிங்டனுக்கு மூத்த பெண்கள் சொற்களையும் கதைகளையும் பொறுமையாகச் சொல்லி வைத்தார்கள். இன்று அம்மொழியைக் கற்க விரும்புவோருக்கு அவர் எழுதிக்கொண்ட குறிப்புகளே முக்கிய ஆதாரம்.

கிட்டனெமுக் வழித்தோன்றல்கள் உள்ளிட்ட தெஹோன் பழங்குடியை 2012-இல் அமெரிக்க அரசு மீண்டும் அங்கீகரித்தது.