விமானம் ஏறுமுன் கடதாசியைக் கையில் எடுங்கள்

டிசம்பர் 18 சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் தினம். ஏப்ரல் 28 வேலைத்தளப் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான உலக தினம். இரண்டு நாட்களிலும் விளக்கேற்றுகிறார்கள், பேசுகிறார்கள், பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். 1990 டிசம்பர் 18இல் ஐக்கிய நாடுகள் சபை புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியதும், இலங்கை 1996இல் அதில் சேர்ந்ததும் அந்த மேடைகளில் நினைவுகூரப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் றியாத்தில் கால் முறிந்த ஒருவர் கண்டிக்கு எப்படி வந்துசேர வேண்டும், வருமுன் யாரிடம் எந்தக் கடதாசியைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கம்பளை, நாவலப்பிட்டி, அக்குறணை, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்கள் என்று எங்கே போனாலும் ஒரே கதை கேட்கிறது. கட்டட வேலைக்குப் போனவர் சாரத்திலிருந்து விழுகிறார். வீட்டு வேலைக்குப் போன பெண் மேல்மாடி ஜன்னல் துடைக்கும்போது விழுகிறார். அங்குள்ள ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போடுகிறார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ முதலாளி டிக்கட்டைக் கையில் கொடுத்து, அரபு மொழியில் ஒரு கடதாசியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் இறக்கிவிடுகிறார். வீட்டுக்குப் போனால் போதும் என்ற நினைப்பில் இவர்களும் ஏறிவிடுகிறார்கள். எக்ஸ்றே அங்கேயே நிற்கிறது. மூன்று நான்கு மாதம் கழித்து, கடன் கழுத்தை நெரிக்கும்போதுதான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அறிக்கை எங்கே என்று உத்தியோகத்தர் கேட்டால் பதில் இல்லை. விபத்து வேலையில்தான் நடந்தது என்பதற்கு ஒரு வரி எழுத்துக்கூட இல்லை.

நட்டஈடு தொலைவது இலங்கையில் அல்ல, விமானம் ஏறுவதற்கு முந்தைய அந்த இரண்டு நாளில்தான்.

முதலில் உடம்பு. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் நிலத்தில் இருப்பது போன்றதல்ல. கடல் மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தம் அது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 6,100 அடி, பீதுருதாலகாலை உச்சி 8,281 அடி. அந்த உயரத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். புதிதாக முறிந்த கால் வீங்கும். முழுதாகச் சுற்றிய பிளாஸ்டர் இளகாது. உள்ளே இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்து நீலம் பாய்ந்தால், நடுவானில் பிளாஸ்டரை வெட்ட யாரும் இல்லை. அதனால்தான் பொதுவான விமான மருத்துவ விதி இப்படி இருக்கிறது: பிளாஸ்டர் போட்டபின், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமென்றால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குக் குறைந்த பயணத்துக்கு 24 மணி நேரம். அவசரமாகப் போயே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டரை நீளவாக்கில் இரண்டு பக்கமும் பிளந்து, துணியால் சுற்றித்தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். வளைகுடாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் எந்தப் பயணமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆகவே உங்களுக்கு 48 மணி நேரம்தான் கணக்கு.

விலா எலும்பு முறிந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விலா குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால், உயரத்தில் அந்தக் காற்று விரிந்து நுரையீரலை நசுக்கும். காற்று முற்றாக நீங்கியது என்று எக்ஸ்றேயில் தெரிந்து, அதன்பின் வைத்தியர் சொல்லும் நாட்கள் கழியும்வரை ஏறவே கூடாது. தலையில் அடிபட்டவர்களுக்கும், மண்டையிலோ கண்ணிலோ வயிற்றிலோ சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். "பாபா டிக்கட் போட்டுட்டார், போகாட்டி கோபிப்பார்" என்று முதலாளியின் கோபத்துக்குப் பயப்படுவது காரணமே அல்ல.

கால் முறிந்தவருக்கு இரத்தக்கட்டி அபாயமும் உண்டு. நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலின் ஆழத்து நாளத்தில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். ஏறுமுன் இரத்தம் உறையாமலிருக்க ஊசி தேவையா என்று வைத்தியரிடம் வாய்திறந்து கேளுங்கள். ஊசி தந்தால் அதற்கான கடிதத்தையும் வாங்கிக் கைப்பையில் வையுங்கள். வந்திறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

அடுத்தது விமான நிறுவனம். காயத்தை மறைத்து ஏறுவது பலருடைய வழக்கமாகிவிட்டது. பிளாஸ்டருக்கு மேல் நீளக் காற்சட்டை போட்டு மறைப்பவர்களும் உண்டு. இதைச் செய்யாதீர்கள். கவுண்டரில் கண்டுபிடித்தால் ஏற்ற மறுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. டிக்கட் போய்விடும், அடுத்த டிக்கட்டை யாரும் வாங்கித்தர மாட்டார்கள். சரியான வழி மெடிஃப் என்ற படிவம். அதன் ஒரு பகுதியைப் பயணி நிரப்ப வேண்டும், மற்றதைச் சிகிச்சை செய்த வைத்தியர் நிரப்ப வேண்டும். விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலோ அலுவலகத்திலோ கிடைக்கும். பயணத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் கொடுத்து அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இந்தப் படிவத்தால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. என்ன காயம், எப்போது, என்ன சிகிச்சை என்பதை வைத்தியர் கையொப்பமிட்டு எழுதிய ஆவணம் அது. பிறகு காப்புறுதிக் கோவையிலும் அதுவே உதவும். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியையும் டிக்கட்டிலேயே பதியச் சொல்ல வேண்டும். படி ஏறமுடியும், தூரம் நடக்க முடியாது என்பவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர். என்ற குறியீடு. படி ஏறமுடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ். அடியே எடுத்துவைக்க முடியாமல் ஆசனம்வரை கொண்டுபோக வேண்டியவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால், விமானத் தரிப்பிடத்தில் நிற்கும் விமானத்தின் ஏணிக்கு முன்னால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டிவரும். முழங்காலுக்கு மேலே வரை பிளாஸ்டர் இருந்து கால் மடங்காவிட்டால் சாதாரண ஆசனத்தில் உட்கார முடியாது. மேலதிக ஆசனமோ ஸ்ட்ரெச்சரோ வேண்டும். ஸ்ட்ரெச்சர் பல ஆசனங்களின் இடத்தைப் பிடிக்கும், செலவு மிக அதிகம். அந்தச் செலவை முதலாளியோ காப்புறுதியோ ஏற்கச் செய்வது பற்றித் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவு பேச வேண்டும். அதற்கு நீங்கள் முதலில் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இனிக் கடதாசி. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும்போது சிகிச்சைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் கேளுங்கள். விபத்து நடந்த திகதி, இடம், விதம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். "விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் "வேலை செய்யும்போது விழுந்தார்" என்று எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்றே, ஸ்கேன் படங்களைப் படமாகவும் இறுவட்டாகவும் வாங்குங்கள். எலும்பில் தகடோ ஆணியோ வைத்திருந்தால் சத்திரசிகிச்சைக் குறிப்பையும், அந்தத் தகட்டின் தயாரிப்பு, அளவு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். பின்னொரு நாள் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனையிலோ அதைக் கழற்ற வேண்டிவந்தால், எந்த வகை ஆணி, எந்தத் திருகி பொருந்தும் என்பதை அந்தக் குறிப்புத்தான் சொல்லும். வீதி விபத்தென்றால் பொலிஸ் அறிக்கையின் பிரதி வேண்டும். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றும் வேண்டும். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பை தொலையலாம், படம் தொலையாது.

தெரியாத மொழியில் இருக்கும் கடதாசியில் கையொப்பமிடாதீர்கள். சம்பளமும் நட்டஈடும் முழுதாகக் கிடைத்துவிட்டது, இனி உரிமை கோரமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கலாம். கட்டாயப்படுத்தினால் தூதரகத்துக்கு அழையுங்கள். சவூதியில் தனியார் கம்பனித் தொழிலாளர்களுக்கு, வெளிநாட்டவர் உட்பட, வேலை விபத்துக் காப்பு கோசி என்ற சமூகக் காப்புறுதி அமைப்பில் இருக்கிறது. அதற்கான கட்டணத்தை முதலாளி செலுத்துகிறார். ஐக்கிய அரபு எமிரேட்டில் தனியார் துறைத் தொழிலாளி வேலையில் முழு நிரந்தர அங்கவீனமடைந்தால் 24 மாத அடிப்படைச் சம்பளம், குறைந்தது 18,000 திர்ஹம், கூடியது 200,000 திர்ஹம் என்று விதி இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு இந்தச் சட்டங்கள் அப்படியே பொருந்தாது, தனி விதிகள் உண்டு. நாடு திரும்பியபின் அங்கே வழக்கைத் தொடர ஆள் வேண்டும். ஆகவே புறப்படுமுன் தொழிலாளர் நலப் பிரிவில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்குங்கள். தேவைப்பட்டால் உங்கள் சார்பில் பேச அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள்.

கட்டுநாயக்கவில் இறங்கியதும் நேரே வாகனத்தில் ஏறி ஊருக்கு ஓடாதீர்கள். வருகை மண்டபத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கவுண்டர் இருக்கிறது. காயத்தோடு வந்தேன் என்று அங்கே பதியச் சொல்லுங்கள். இயலாமல் வருபவர்களைத் தங்கவைக்கப் பணியகத்தின் சஹன பியச நிலையம் கட்டுநாயக்கவிலேயே உண்டு. கண்டிக்கு இன்னும் மூன்று நான்கு மணி நேர வீதிப் பயணம் பாக்கி. காலை நீட்டி உட்காரக்கூடிய வாகனத்தை வீட்டார் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள், வழியில் நிறுத்தி நிறுத்தி வாருங்கள்.

வந்த மறுநாளே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். கண்டி, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, எது கிட்டவோ அது. கிளினிக் கொப்பியில் முதல் திகதி விழுவது முக்கியம். ஒரு மாதம் கழித்துப் போனால், காயம் இங்கே வந்தபின் ஏற்பட்டதல்ல என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். முறிவு வைத்தியரிடம் போய்ப் பிளாஸ்டரை வெட்டி எண்ணெய் தேய்ப்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். உள்ளே தகடும் ஆணியும் இருக்கும் காலைப் பிடித்து இழுக்க விடாதீர்கள்.

பணியகத்தில் பதிந்து போனவர்களுக்குப் பதிவோடு காப்புறுதியும் சேர்ந்திருக்கிறது. கண்டியிலுள்ள பணியகத்தின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். அதற்கும் முன்னால், உங்கள் பிரதேச செயலகத்திலேயே வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். கங்கவட்ட கோறளையோ, உடபலாத்தவோ, அக்குறணையோ, முதலில் அவரைப் பாருங்கள், படிவத்தை நிரப்பவும் உதவுவார். கடவுச்சீட்டின் விவரப் பக்கம், விசா, வருகை முத்திரை, பணியகப் பதிவு, வேலை ஒப்பந்தம், அங்குள்ள வைத்திய அறிக்கை, இங்குள்ள கிளினிக் பதிவு, பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், அனைத்தின் பிரதியும் மூலமும் கொண்டு போங்கள். கோரிக்கைக்குக் கடைசித் திகதி எது என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரபு அறிக்கைகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்க்க வேண்டும். வெளிநாட்டு அலுவலுக்கு ஆவணத்தை அத்தாட்சிப்படுத்தக் கொழும்புக்கு அலைய வேண்டாம், கண்டி மாவட்டச் செயலகத்தில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்குத் தனியாக ஒன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து மாறியது, அங்குள்ள ஆஸ்பத்திரி எழுதியது வேறொன்று. இந்த ஒரு காரணத்துக்காகவே கோவைகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. உத்தியோகத்தர் சொல்லும்வரை காத்திராமல், நான்கு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதமும் எடுத்துக் கோவையோடு சேருங்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும்தான், பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் உத்தியோகத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது சகிக்கக்கூடாத அலட்சியம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதவும், தமிழில் அலுவல் பார்க்கவும், பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. கொடுத்த ஒவ்வொரு கடதாசிக்கும் திகதி முத்திரையிட்ட பிரதி கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோவை எங்கே நிற்கிறது, யாரிடம் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். நகராத கோவை பல தடவை இந்த ஒரு கடிதத்துக்கு நகர்ந்திருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தை நாடுங்கள்.

பதியாமல் விசிட் விசாவில் போனவர்களுக்கு இந்தக் காப்புறுதி இல்லை. ஆனாலும் தூதரகத்தின் உதவியைக் கேட்கும் உரிமை எந்தப் பிரசைக்கும் உண்டு, அதைக் கேளுங்கள். பதிந்து போனவர்களின் பதிவும் இரண்டு வருடத்தில் முடிகிறது. ஒப்பந்தம் நீண்டும் பதிவைப் புதுப்பிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். அங்கிருந்தே தூதரகத்தில் புதுப்பிக்கலாம்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டில் இருந்தால், இன்றிரவு பேசும்போது பதிவு எந்தத் திகதியில் முடிகிறது என்று கேளுங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்தை அவர் கைத்தொலைபேசியில் பதியச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், பதிவு மூன்றையும் படமெடுத்து இன்றே அனுப்பச் சொல்லுங்கள்.