உழவு மாட்டின் தசையும் அதன் குணங்களும்

காளையின் பலம் அதன் தசைகளில் அடங்கியுள்ளது. காங்கேயம், உம்பளச்சேரி முதலிய ஜாதிக் காளைகளை வாங்குங்கால் குடியானவர்கள் தோளையும் தொடையையும் தட்டிப் பார்ப்பது இதனாலேயாம். எனினும் தசையின் இயல்பை அறிந்தாலன்றி அதை நன்கு பேணுதல் இயலாது.

பிராணிகளின் உடலில் மூவகைத் தசைகள் உள. இருதயத் தசையும், குடல் முதலிய உள்ளுறுப்புகளின் தசையும் தாமே இயங்குவன. எலும்புகளைப் பற்றிநின்று பிராணியின் இச்சைப்படி இயங்குவது எலும்புத் தசையாகும். பூதக்கண்ணாடியில் குறுக்குக் கோடுகள் தோன்றுவதால் இதனை வரித்தசை என்றும் கூறுவர். நூல் போன்ற தசையிழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, உறைகளால் மூடப்பெற்று, முனைகளில் உறுதியான வெண்ணிற நாணாகி எலும்புடன் பிணைகின்றன. அதற்குத் தசைநாண் என்று பெயர். தசையின் நிறையில் 100-க்குச் சுமார் 75 பங்கு நீர். 20 பங்கு புரதம்.

இத்தசைக்குரிய முக்கிய குணங்கள் நான்கு:

1. ஏவல் ஏற்றல்: நரம்பின் வழி வரும் தூண்டுதலை ஏற்றல்.

2. சுருங்குதல்: இழையினுள் ஆக்டின், மையோசின் என்னும் புரத நுண்ணிழைகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்வதால் தசை குறுகுகிறது. இவ்வுண்மை 1954-ம் வருஷத்தில் விளக்கப்பட்டது.

3. நீளுதல்: இழுக்கப்படும்போது அறுந்துபோகாமல் நீண்டுகொடுத்தல்.

4. மீளுதல்: இழுப்பு நீங்கியதும் முன்னைய அளவை அடைதல்.

தசை இழுக்குமேயன்றித் தள்ளாது. ஆதலின் காலை மடக்க ஒரு தசையும், நீட்ட எதிர்த்தசையும் வேண்டும். வேலை செய்யுங்கால் செலவாகும் சக்தியில் பெரும்பாகம் உஷ்ணமாக மாறுகிறது. ஆகவே உச்சிவெயிலில் ஏர் பூட்டுதல் தகாது. விடியற்காலையில் உழுது, வெயிலேறுமுன் அவிழ்த்து, நிழலில் கட்டிப் போதிய நீர் காட்டுதல் வேண்டும். புதுக் காளையைச் சிறிது சிறிதாகவே பழக்கவேண்டும். பழகப் பழக இழைகள் தடித்து வலுப்பெறும். நெடுநாள் வேலையின்றி நின்ற மாட்டின் தசை மெலிந்துவிடுமாதலால், மழை பெய்த அன்றே அதற்கு முழுநாள் உழவு கொடுத்தல் தவறு.

தசையையே தாக்கிக் கொல்லும் வியாதி சப்பை நோய். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, நல்ல புஷ்டியான கன்றுகளையே இது பெரும்பாலும் பற்றும். கடுஞ்சுரமும் நொண்டலும் உண்டாகி, தொடையிலோ தோளிலோ வீக்கம் காணும். அதை அழுத்தினால் நறநறவென்ற ஓசை எழும். ஒன்றிரண்டு தினங்களில் மரணம் நேரக்கூடும். நோய்க்குறி கண்டவுடன் கால்நடை வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும். இறந்த மாட்டை அறுக்காமலும் தோலுரிக்காமலும் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் அவசியம். ஏனெனில் கிருமியின் வித்துக்கள் மண்ணில் பல வருஷங்கள் உயிருடன் கிடக்கும். மழைக்காலத்திற்கு முன்னரே வருஷந்தோறும் தடுப்பூசி போடுவித்தலே தக்க காப்பு. நோய் ஒருமுறை கண்ட ஊர்களில், மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் எல்லாக் கன்றுகளுக்கும் ஊசி போடப்பட்டதா என்பதைக் கிராம அதிகாரிகள் விசாரித்தறிதல் நலம்.