லண்டன் - பாரிஸ்: எக்ஸெலில் நான் போட்ட தப்புக் கணக்கு

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஐரோப்பா கிளம்பினார். பயண அட்டவணையை எக்ஸெலில் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. தூரம் கணக்கிடும் இணையப் பக்கம் ஒன்றில் லண்டன், பாரிஸ் என்று டைப் செய்தேன். 344 கி.மீ. என்று விடை வந்தது. யூரோஸ்டார் ரயில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. ஆக, 1 மணி 10 நிமிடம் என்று போட்டுவிட்டேன்!

இத்தகைய பக்கங்கள் இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டைத்தான் அளக்கின்றன. தண்டவாளம் அப்படிப் போகாது. கடலடிச் சுரங்கம் தொடங்கும் ஃபோக்ஸ்டோன் போய், 50 கி.மீ. சுரங்கத்தைக் கடந்து, லில் நகரப் பக்கமாகச் சுற்றி, சுமார் 492 கி.மீ. ஓடுகிறது. சுரங்கத்துக்குள் வேகமும் 160 கி.மீ.தான். எனவே வேகமான ரயிலுக்கே சுமார் 2 மணி 16 நிமிடம் ஆகும்.

திருத்தினேன். 10 மணிக்குக் கிளம்பினால் 12.16. அங்கிருந்து லியோன் போக 1 மணி ரயில் என்று குறித்தேன். நல்லவேளை, டிக்கெட் எடுக்கும் முன் நண்பரின் மகள், "அங்கிள், அப்போ பாரிஸ்ல மணி என்ன?" என்று கேட்டாள். பாரிஸ் கடிகாரம் 1 மணி முன்னால் ஓடுகிறது. அதாவது 1.16! டிக்கெட் காசு போயிருக்கும். போதாக்குறைக்கு, இறங்கும் ஸ்டேஷன் வேறு, லியோன் ரயில்கள் பெரும்பாலும் கிளம்பும் ஸ்டேஷன் வேறு.

இரு நாடுகளும் கோடை நேரத்துக்கு ஒரே சமயத்தில் மாறுவதால் இந்த வித்தியாசம் ஆண்டு முழுக்க அப்படியே இருக்கும். எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1. எனவே பாரிஸ் போகும்போது வருகை நேரத்தில் 1/24 கூட்டுங்கள், திரும்பும்போது கழியுங்கள்.