ஏரிக்கரை வீடும் நனைந்த தானியமும்

ஏரிக்கரையில் வீடு வாய்ப்பது இறைவன் அளித்த பெரும் பேறாகும். அத்தகைய வீட்டை விற்க நேரும்பொழுது சுவர்களுக்கு வெள்ளையடித்து, உடைந்த ஓடுகளை மாற்றி, படித்துறையைச் செப்பனிட்டு அழகுபடுத்துவது இயல்பே. மார்க்கம் அதனைத் தடுக்கவில்லை. ஆனால் அழகுபடுத்துவது வேறு. குறையை மறைப்பது வேறு. மழைக்காலத்தில் ஏரி நீர் ஏறி நின்ற தடத்தின் மீது வர்ணம் பூசி, அதைப்பற்றி வாய் திறவாதிருப்பது எவ்வகையில் சேரும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்றார் வணிகர். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என வினவிய பெருமானார் அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் கருத்துப்பட எச்சரித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. மழை அவ்வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். அவ்வாறே, வீட்டில் வெள்ளம் புகுந்தது விற்பவரின் குற்றமன்று. அதனைச் சொல்லாமல் விற்பதே குற்றமாகும்.

2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்றங்கரையிலும், தாழ்வான ஏரிப்பகுதிகளிலும் வெள்ளம் புகுந்து எத்தனையோ குடும்பங்கள் உடைமைகளை இழந்ததை நாம் மறக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குபவரின் குழந்தைகள் அத்தகைய நீரில் சிக்கலாம் அன்றோ? விற்றபின் வெளிப்படும் பழங்குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் ஃபிக்ஹ் சட்டம் வாங்கியவருக்கு அளிக்கின்றது. நாட்டின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவும், வாங்குபவர் எளிதில் அறிய இயலாத முக்கியக் குறைகளை, விற்பவர் தாமறிந்த அளவில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கின்றது.

அடுத்தது, ஏரியின் உரிமை. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்தாகும். எனவே, வீட்டை விற்பவர் ஏரியை விற்க முடியாது. கொல்லைக்கப்பால் உள்ள நிலம் நீர்நிலைப் புறம்போக்கா, பட்டா நிலமா என்பதைக் கிராமக் கணக்கிலும் நில அளவை வரைபடத்திலும் பார்த்துத் தெளிவுபடுத்துக. வேலியைச் சற்றே தள்ளிப்போட்டு அனுபவித்து வந்த இடத்தையும் தம்முடையதெனக் காட்டி விலை கூறுவது பிறர் பொருளை விற்பதாகும். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் தமிழகத்தில் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அதன் நடவடிக்கை வரும்போது துன்புறுவது வாங்கியவரே. படித்துறைக்குச் செல்லும் பாதை பொதுவழியா, அண்டை வீட்டாரின் இசைவால் நடந்து வந்ததா என்பதையும் மறைக்கலாகாது.

அண்டை வீட்டாரை மறந்துவிடவும் வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஷுஃப்ஆ எனும் முன்னுரிமை சொத்தின் பங்காளிக்கே உரியது. ஹனஃபி மத்ஹபிலோ வழியிலும் நீரிலும் பங்குடையவருக்கும், அடுத்து வசிப்பவருக்கும் உண்டு. அபூராஃபிஃ (ரலி) அவர்கள் தமது இரு அறைகளை விற்க முன்வந்தபோது, 500 தீனார் தருவதற்கு வேறு ஆளிருந்தும், அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய நபிமொழியை எண்ணி, அண்டை வீட்டாரான ஸஅத் (ரலி) அவர்களுக்கு 4000 திர்ஹத்திற்கு, அதுவும் தவணையில், கொடுத்ததாக ஸஹீஹுல் புகாரி கூறுகின்றது. நீதிமன்றம் வற்புறுத்தாவிடினும், அந்நியரிடம் விலை பேசுமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கேட்பது நற்பண்பாகும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவாக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிகளார் தந்த போதனை. நீர் ஏறிய உயரத்தைக் கைநீட்டிக் காட்டுவதால் விலையில் சில ஆயிரங்கள் குறையலாம். கிடைக்கும் தொகையோ தூய்மையானதாக இருக்கும். அத்தகைய ஹலாலான பொருளையே வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.