இடைவிட்டு வரும் ஏவல்

தைராய்டு, அட்ரீனல், சினையகம், விந்தகம் ஆகியவற்றைத் தன் ஹார்மோன்களால் இயக்குவதால் பிட்யூட்டரிக்குத் ‘தலைமைச் சுரப்பி’ என்னும் பட்டத்தைப் பாடநூல்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கின்றன. ஆனால் அதன் முன்மடல் பெரும்பாலும் மூளையின் ஏவலுக்குக் கட்டுப்பட்டே நடப்பதால் அந்தப் பட்டம் சற்று மிகையானதே. ஏவல் புறப்படும் இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே உள்ள ஹைபோதலாமஸ் என்னும் மூளைப்பகுதி. அதைச் சுமந்து வருபவை பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் சில கோத்த குறுஞ்சங்கிலிகள்.

பாலூட்டிகளில் ஹைபோதலாமஸிலிருந்து முன்மடலுக்குச் செய்தி செல்வது மெல்லிய இரத்தக் குழாய்களின் வழியாகத்தான். நரம்பு முனைகளிலிருந்து கசியும் பெப்டைடு உடலெங்கும் சுற்றிக் கரைந்துபோகாமல் இக்குழாய்களில் இறங்கி நேரே சுரப்பியை அடைகிறது. பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிகளுக்கு வேறொரு பிட்யூட்டரியை ஹைபோதலாமஸின் அடியில் பதித்தால் இனப்பெருக்கத் திறன் மீள்கிறது, மூளையின் வேறிடத்தின் கீழ் பதித்தால் மீள்வதில்லை என்று ஜெஃப்ரி ஹாரிஸும் டோரா யாக்கப்சோனும் 1952-இல் காட்டினர். அந்தப் பெப்டைடுகள் எவை என்று அறிவதற்கு ரோஜே கியமேன் ஆடுகளின் மூளையையும், ஆண்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளையையும் இறைச்சிக் கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் திரட்ட வேண்டியிருந்தது. கடும் போட்டியாளர்களான இருவரும் 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அவ்வாறு கண்டறியப்பட்டவற்றுள், 1971-இல் கட்டமைப்பு வெளியான ஜிஎன்ஆர்எச், பத்தே அமினோ அமிலங்கள் கொண்டது. சினையகத்தையும் விந்தகத்தையும் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் என்னும் இரு ஹார்மோன்களையும் பிட்யூட்டரி வெளியிடுவது இதன் ஏவலால்தான். இதைத் தொடர்ந்து செலுத்தினால் அவையும் தொடர்ந்து சுரக்கும் என்றே எவரும் எண்ணுவர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் ரீசஸ் குரங்குகளில் இயற்கையான ஜிஎன்ஆர்எச் ஊற்றை அழித்துவிட்டு, அதே பெப்டைடை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்தபோது நேர்ந்தது வேறு. மணிக்கு ஒரு முறை, ஆறு நிமிடம் மட்டும் செலுத்தியபோது இரு ஹார்மோன்களும் பழைய அளவுக்கு மீண்டன. இடைவெளியின்றிச் செலுத்தியபோதோ அவை அடங்கிப்போயின. 1978-இல் வெளிவந்த இந்த முடிவின் காரணம், பெப்டைடைப் பற்றிக்கொள்ளும் செல்லின் ஏற்பிகள் ஓயாத தூண்டுதலால் உள்ளிழுக்கப்பட்டு, செல் மரத்துப்போவதே. துடிப்புகளின் வேகத்துக்கும் பொருள் உண்டு: அடிக்கடி வந்தால் எல்எச் மேலோங்கும், தாமதித்து வந்தால் எஃப்எஸ்எச் மேலோங்கும். ஏவலின் அளவைக் காட்டிலும் அதன் இடைவெளியே சுரப்பிக்குச் செய்தியாகிறது என்பது உயிரியலில் எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அன்று.

மருத்துவம் இந்த முரணை உடனே பயன்படுத்திக்கொண்டது. உடலில் எளிதில் சிதையாத லியூப்ரோலைடு போன்ற ஜிஎன்ஆர்எச் மாற்றுருக்கள் முதல் சில நாட்கள் ஹார்மோனைப் பெருக்கி, பின்னர் அடக்கிவிடுவதால், புராஸ்டேட் புற்றுநோய்க்கும், குழந்தைகள் மிகச் சிறு வயதிலேயே பூப்பெய்தும் கோளாற்றுக்கும் அவை தரப்படுகின்றன.

மீன்களில் ஜிஎன்ஆர்எச் வேறு சூழலில் வேலை செய்கிறது. எலும்பு மீன்களில் ஹைபோதலாமஸின் நரம்பிழைகள் பிட்யூட்டரிக்குள்ளேயே நுழைந்துவிடுவதால் இடையில் இரத்தக் குழாய்கள் தேவையில்லை. கெண்டையினங்களிலோ டோபமைன் என்னும் மற்றொரு மூளைப்பொருள் எல்எச் வெளியீட்டுக்குக் கடுமையான தடை போடுகிறது. அதனால், ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் கட்லா, ரோகு ஆகிய கெண்டைகள் குளத்தில் சினை முற்றியும் முட்டையிடாமல் நின்றுவிடும். 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் வேறு மீன்களின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதாவது மீனின் மூளையையும் அதன் பிட்யூட்டரியையும் ஒருசேரத் தாண்டிச் சென்றார். பின்னர் கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் சீனாவின் லின் ஹாவ்ரானும் வகுத்த ‘லின்பே’ முறை மீனின் சொந்தப் பிட்யூட்டரியையே வேலை வாங்குகிறது. அந்த வழியில் வந்த ஓவாப்ரிம் மருந்தில் சால்மன் மீனின் ஜிஎன்ஆர்எச் மாற்றுருவும், டோபமைனின் தடையை நீக்க டாம்பெரிடோனும் கலந்துள்ளன. பின்னது வாந்தியை நிறுத்த மருந்துக்கடைகளில் விற்பதேதான். மாலையில் தாய்மீனின் மார்புத் துடுப்பின் அடியில் ஒரே ஊசி போட்டால் விடிவதற்குள் முட்டையிடுகிறது. எல்எச்சின் ஒரே ஒரு எழுச்சி போதும் என்பதால், குரங்குகளுக்குத் தேவைப்பட்ட ‘மணிக்கு ஒரு முறை’ என்னும் கணக்கு இங்கே வேண்டியதில்லை.