மேடில்லா நாட்டில் அலை வரும் பொழுது

கடல் பொங்கினால் மேட்டை நோக்கி ஓடு என்பதே கரையோர மக்களுக்குச் சொல்லித்தரப்படும் முதற்பாடம். மாலைத்தீவில் அந்தப் பாடத்துக்குப் பொருளில்லை. ஏறத்தாழ 1,190 பவளத்தீவுகளைக் கொண்ட அந்நாட்டில், இயற்கையாக அமைந்த நிலத்தின் மிகுந்த உயரமே இரண்டரை மீட்டர் அளவுதான். நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மக்கள் குடியிருக்கும் தீவுகள் இருநூற்றுக்குச் சற்றுக் குறைவு. அவற்றுட் பலவற்றைக் கால்மணிப் பொழுதில் குறுக்கே நடந்து கடக்கலாம். ஒரு கரையில் அலையைக் கண்டு ஓடுபவர் போய்ச் சேரும் இடம் மறுகரையின் கடல்தான்.

ஆகவே அந்நாட்டில் இடர் முன்னறிவிப்பு என்பது முதலில் காலக்கணக்கு. கடலிலிருந்து வரும் இடர்கள் மூன்று வகை. மூன்றும் மூன்று வகையான கெடு தருகின்றன. தொலைவிலிருந்து வரும் நெட்டலை நான்கு நாள் தரும். ஆழிப்பேரலை மூன்று மணி நேரம் தரும். மழைக்காலத்துச் சூறைக்காற்று அரைமணி தந்தாலே பெரிது.

இவற்றுள் வியப்புக்குரியது நெட்டலை. அதன் பிறப்பிடம் மாலைத்தீவின் வானத்தில் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் ஆசுத்திரேலியாவுக்கும் அப்பால், அண்டார்க்டிக்காவைச் சுற்றி ஓயாமல் சுழலும் தென்பெருங்கடற் புயல்களில் அது பிறக்கிறது. புயல் கிளப்பும் அலைகள் பல நீளத்தன. ஆழ்கடலில் நீண்ட அலை விரைந்து செல்லும். குறுகிய அலை பின்தங்கும். பதினெட்டு நொடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் நெட்டலைக் கூட்டம் மணிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் செல்லும். ஐயாயிரம் கிலோமீட்டரைக் கடக்க அதற்கு நான்கு நாள் வேண்டும். புயல் அங்கேயே ஓய்ந்துபோயிருக்கும். அலை மட்டும் வழிநடந்து வந்து, காற்றசையாத ஒரு தெளிந்த பகலில் தீவின் தெருவுக்குள் புகும். மாலைத்தீவின் திவேயி மொழியில் இந்த வெள்ளத்துக்கு ‘உதா’ என்று பெயர். கேரளக் கரையில் இதுவே ‘கள்ளக்கடல்’. வாசலில் ஓசை காட்டாமல் உள்ளே வருவதைக் கள்ளன் என்னாமல் வேறென்ன என்பது!

நீண்ட அலை முந்துவதும் குறுகியது பிந்துவதும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. அந்த இடைவெளியை அளந்தால் புயல் எத்தனை தொலைவில் எழுந்தது என்று கணக்கிட்டுவிடலாம். கடலியலறிஞர் வால்டர் மங்க் 1950களில் மெக்சிக்கோவின் மேற்கே உள்ள ஒரு தீவில் அளவுக் கருவிகளை இறக்கி, அங்கு வந்த மெல்லிய அலைகள் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறந்தவை என்று கண்டார். 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாசுக்கா வரை நிலையங்களை நிறுவி, அலைகளை வழிநெடுகத் தொடர்ந்தார். அலைக்கும் பிறந்த ஊர் உண்டு. அதைக் கேட்டறியலாம் என்பது அன்று உறுதியாயிற்று.

1987 ஏப்ரலில் நெட்டலைகள் தலைநகர் மாலேயை மூழ்கடித்தன. அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. பேரவையில் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். பின்னர்ச் சப்பானின் உதவியோடு மாலேயைச் சுற்றி அலைதாங்கிச் சுவர் எழுந்தது. சுவர் எழுந்தது தலைநகருக்கு. மற்றத் தீவுகள் பலவற்றுக்கு மணற்கரையே சுவர். 2007 மே 12 அன்று இரெயூனியன் தீவின் கரையைப் பேரலைகள் தாக்கின. அங்கிருந்து மாலைத்தீவு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதே புயலின் அலைகள் மே 15 அன்று மாலைத்தீவின் பல தீவுகளில் ஏறின. நடுவே மூன்று முழு நாள்! இரெயூனியன் பட்டது உடனே செய்தியாகி வடகிழக்கே சென்றிருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை ஆகியிருக்கும். எனக்கு இந்த நிகழ்ச்சி கருவிகளைப் பற்றிய பாடமாகத் தோன்றவில்லை. அண்டை வீட்டாரின் கூவலைப் பற்றியதாகவே தோன்றுகிறது.

இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளைச் சில நாள் முன்பே கணித்து அறிவிக்கிறது. ஆயினும் 2024 மே 6 அன்று, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதே, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலைக்கு இரையாயினர். கணிப்பு கரை வரை வந்ததோடு நின்றுவிட்டது.

ஆழிப்பேரலையின் கணக்கு வேறு. அதன் விரைவைக் கடலின் ஆழமே முடிவு செய்கிறது. நான்காயிரம் மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும். 2004 டிசம்பர் 26 அன்று, மாலே நேரப்படி காலை ஆறு மணிக்கு ஒரு மணித்துளி இருக்கையில் சுமத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. மாலேயில் நீர் ஏறியபோது மணி 9.20. இடையில் இருந்த மூன்று மணி இருபது மணித்துளிகள் ஒருவருக்கும் பயன்படவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. மாலே அருகிலும், தெற்கே கன் தீவிலும், வடக்கே கனிமாதூவிலும் இருந்த, கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானிகள் மூன்றும் அலையைப் பிழையின்றிப் பதிந்துகொண்டன. இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர். பொருளிழப்பு நாட்டின் ஓராண்டு வருவாயில் பாதிக்கும் மேல்.

இழப்பு இன்னும் பெரிதாகாமற் போனதற்குத் தீவுகளின் வடிவே காரணம். பெருநிலத்தின் கரை மெல்லச் சரிந்து ஆழத்தில் இறங்கும். அச்சரிவில் ஏறும் ஆழிப்பேரலை வேகம் குன்றி உயரம் கொள்ளும். பவளவட்டமோ கடலடியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பது. உலகமொழிகள் இத்தகைய தீவுவளையத்தைச் சுட்டும் சொல்லே ‘அத்தொளு’ என்னும் திவேயிச் சொல்லிலிருந்து வந்ததுதான். அலை உயர்வதற்கு அங்கே படிக்கட்டு இல்லை. வட்டங்களுக்கு இடையிலுள்ள ஆழ்கால்கள் வழியாக அதில் பெரும்பகுதி மேற்கே கடந்துவிடும்.

அவ்வட்டத்தின் பவளப்பார் நெட்டலைக்கு முன் வேறு முகம் காட்டுகிறது. அலை பாரின் விளிம்பில் உடைகிறது. உடைந்த நீர் உள்ளே தள்ளப்பட்டுப் பாரின் மேல் நீர்மட்டம் உயர்கிறது. அந்த உயர்வின் மேல் சில மணித்துளிக்கு ஒருமுறை ஏறியிறங்கும் மெல்லிய அலைகள் கரையைத் தழுவுகின்றன. பாரின் அகலம், அதன்மேல் நிற்கும் நீரின் ஆழம், அன்றைய ஓதம், உயிர்ப்பவளத்தின் கரடுமுரடு என எல்லாம் சேர்ந்தே வெள்ளம் ஏறுமா ஏறாதா என்று முடிவு செய்கின்றன. அருகருகே உள்ள இரு தீவுகளில் ஒன்று நனையும், மற்றது நனையாது. நாடு முழுமைக்கும் மஞ்சள் எச்சரிக்கை விடுப்பது எளிது. ‘உங்கள் தீவின் மேற்குத் தெருவில் நாளை மாலை நீர் வரும்’ என்பதே அரிது. கடல்மட்டம் உயர உயரப் பாரின் மேல் நீர் ஆழமாகும். ஆழம் கூடினால் அலை தன் வலிமையை இழக்காமல் உள்ளே வரும். நேற்று வரை காத்த பார் நாளை அதே அளவு காக்காது. ஆதலால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு முடித்துவிட முடியாது.

மாலைத்தீவினர்க்குப் பழைய காலக்கணிப்பு ஒன்றும் உண்டு. ஆண்டை இருபத்தேழு ‘நக்கை’களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள் தருவர். பதினெட்டு தென்மேற்குப் பருவத்துக்கு. ஒன்பது வடகிழக்குப் பருவத்துக்கு. அசிதா, புருனு, கெத்தி, ரோனு என்னும் பெயர்களைக் கேட்கும் தமிழர்க்கு அசுவினி, பரணி, கார்த்திகை, உரோகிணி நினைவுக்கு வராமல் இரா. மே 6 முதல் 19 வரை கெத்தி. 2007இன் வெள்ளம் வந்தது அதனுள்ளேதான். இக்கணிப்பைப் பழங்கதை என்று தள்ளுவோர் உண்டு. தலைமுறைகள் சேர்த்த சராசரி அது. எந்த நக்கையில் எது மிகுதி என்று சொல்லும், இன்று வருமா என்று சொல்லாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். சூறைக்காற்றுக்கு மட்டும் இன்றளவும் வானைப் பார்க்கும் கண்ணே விரைவான கருவி. சூரை பிடிக்கச் செல்லும் மீனவர் ‘தோனி’யைத் திருப்பிவிடுவது மேற்கு வானின் கருமை கண்டுதான். நம் தோணியே அது. அவர் பிடிக்கும் மீனே நம் கடைகளில் மாசிக் கருவாடு.

2004க்குப் பின் எச்சரிக்கை அமைப்புகள் எழுந்தன. இந்தியா, இந்தோனேசியா, ஆசுத்திரேலியா ஆகிய மூன்றும் இந்தியப் பெருங்கடல் முழுமைக்கும் ஆழிப்பேரலைக் கணிப்பைத் தருகின்றன. ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அழுத்தமானி, தன் மேலுள்ள நீர் ஒரு செண்டிமீட்டர் உயர்ந்தாலும் உணர்ந்து, மிதவைக்கு ஒலியால் சொல்லி, செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்பும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது இந்த அமைப்பு விழித்தது. பல நாடுகளில் மக்கள் கரையை விட்டு அகன்றனர். தட்டுகள் மேலேறாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தவர் உண்டு. நீர்மட்டத்தைப் பார்த்தபின் எச்சரிக்கையை மீட்டுக்கொண்டதும் அவ்வமைப்பின் தேர்ச்சியே என்பேன்.

ஐ.நா. 2022இல் அறிவித்த ‘அனைவர்க்கும் முன்னெச்சரிக்கை’ திட்டத்தில் முதலிற் சேர்க்கப்பட்ட முப்பது நாடுகளுள் மாலைத்தீவும் ஒன்று. தீவு மன்றம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கைப்பேசி ஆகியவை செய்தியின் கடைசி வழிகள். ஆனால் அங்கே கட்டடம் கட்டுவோரிலும் விடுதிகளில் உழைப்போரிலும் வங்காளிகளும் பிற அயலாரும் மிகப் பலர். எச்சரிக்கை திவேயியில் மட்டும் ஒலித்தால் அவர்களுக்கு அது வெறும் இரைச்சல்.

செய்தி வந்தபின் எங்கே போவது? செயற்கையாக மண்ணிட்டு உயர்த்திய உலுமாலேத் தீவுகூடக் கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் அளவே. ரா பவளவட்டத்துக் கந்தொலுதூ மக்கள் 2004க்குப் பின் தம் தீவையே கைவிட்டு, சில ஆண்டுகள் கழித்துத் துவாபரு என்னும் வேறு தீவில் குடியேறினர். எல்லாருக்கும் அப்படி மாற்றுத் தீவு கிடைக்காது. எஞ்சும் ஒரே மேடு மாடி. கீழ்த்தளத்தில் நீர் தடையின்றிப் புகுந்து வெளியேற வேண்டும். நீர் சுழன்று பவள மணலை அரித்தாலும் சாயாதபடி தூண்கள் ஆழ இறங்க வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கட்டடமே அதற்கு ஏற்றது. அலையோ பள்ளி நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் மாடிப்படிக் கதவின் திறவுகோல் எந்த வீட்டு ஆணியில் தொங்குகிறது என்பது அத்தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.